நெல் நனைந்ததா என்று கேட்ட பெண்

தை மாதத்தில் வானம் கறுத்தால் எங்கள் ஊரில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “நெல்லு, நெல்லு” என்று எங்காவது ஒரு குரல் கிளம்பினால் போதும். பாதி முகம் சவரம் செய்தவரும் ஓடிவருவார், அடுப்பில் பால் வைத்தவரும் ஓடிவருவார். யார் வீட்டு நெல் என்று பார்ப்பது கிடையாது. களத்தில் காயப்போட்ட நெல் ஒரு மழையில் நனைந்தால் கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பிவிடுவார்கள். இரண்டு நாள் மூட்டமாகவே இருந்தால் முளைத்தும் போய்விடும். மறுவீட்டு விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை ஒருவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெல்லை மூடும் படுதாவின் ஒரு முனையைப் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அது அவருடைய மாமனார் வீட்டு நெல்கூட இல்லை.

போன வருடம் தை மாதத்தில் நான் என் மகளை அப்படித்தான் கூப்பிட்டேன்.

அவளுக்கு அப்போது பதினேழு வயது. நான்கு நாளில் பெங்களூரு போக வேண்டும். அவள் ஆடப்போகும் முதல் தொழில்முறைப் போட்டி. ஜூனியர் கணக்கெல்லாம் முடிந்து, பெரியவர்களோடு ஆடும் ஆட்டம். ஒற்றையரில் தகுதிச் சுற்று, இரட்டையரில் நேராக முதல் சுற்று. இரட்டையரில் அவளோடு சேர்ந்து ஆட இருந்தவள் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண். இவளைவிட ஒரு வயது மூத்தவள்.

எங்கள் ஊரில் டென்னிஸ் எப்படி வந்தது என்று கேட்பார்கள். நான் எம்.எஸ்சி. படித்துவிட்டு எட்டு வருடம் துபாயில் ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை பார்த்தவன். நாங்கள் இருந்த குடியிருப்பில் ஒரு டென்னிஸ் மைதானம் இருந்தது. மகள் ஆறு வயதில் அங்கேதான் மட்டையைப் பிடித்தாள். அப்பா காலமாகி, நிலத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் நாங்கள் திரும்பியபோது, துபாய்ச் சாமான்களில் பாதியை அங்கேயே விட்டுவிட்டோம். மட்டையை மட்டும் அவள் விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். என் மனைவிக்குத் தஞ்சாவூரில் அரசுப் பள்ளியில் ஆசிரியை வேலை. பள்ளி முடிந்ததும் அம்மாவும் மகளும் மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்குப் போவார்கள். விடுமுறை நாட்களில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுக் களம்தான் மைதானம். களத்தின் ஒரு பக்கம் நெல் கிடங்கின் சுவர். அதில் பந்தடித்தே அவள் வளர்ந்தாள்.

களத்தில் செருப்போடு ஏறக்கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம். சோறு கிடக்கிற இடம். அதனால் அங்கே அவள் வெறுங்காலில்தான் ஆடுவாள். அரங்கத்துப் பயிற்சியாளர் ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, “சார், வெறுங்கால்ல ஆடினா கால் போயிடும், ஷூ போடச் சொல்லுங்க” என்றார். நான் கேட்கவில்லை. “அங்க ஷூ போடட்டும், இங்க வேணாங்க” என்றேன். அன்று அவர் பேச்சைக் கேட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிலிப்பைன்ஸ் பெண்ணை நாங்கள் முதலில் பார்த்தது கொழும்பில். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஆசிய நாடுகளின் சிறுவர் சிறுமியர் போட்டி. திருச்சியிலிருந்து நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது நாளே இருவரும் மோதினார்கள். ஒன்றுக்கு ஆறு, இரண்டுக்கு ஆறு. என் மகள் நாற்பது நிமிடத்தில் தோற்றாள். ஒல்லியான பெண், முழங்கால் தெரியத் தேய்ந்த கால்சட்டை, மட்டையின் கைப்பிடியில் சுற்றிய பட்டை நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. ஆனால் பந்து விழும் இடத்தில் அவள் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பாள். எப்படி என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மதியச் சாப்பாட்டில் ரொட்டியும் பாஸ்தாவும் வைத்திருந்தார்கள். என் மகள் சோறு எங்கே என்று தேடிக்கொண்டு போன வரிசையின் முடிவில் அந்தப் பெண்ணும் அதையே தேடிக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் என் மேசைக்கு வந்தார்கள், நான் கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்று டப்பாவை அந்தப் பெண்தான் அவசரமாகத் திறந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினோம். தமிழில் எழுதுகிறேன். மகள் தன் ஆடுகளம் இதுதான் என்று என் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். கிடங்குச் சுவர், களத்தில் பாதி முழுக்க நெல், மீதிப் பாதியில் இவள் மட்டையோடு. அந்தப் பெண் கைபேசியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

“இது நெல்லுதானே? எங்க ஊர்லயும் இப்படித்தான்.”

அவள் தன் கைபேசியில் தேடி எடுத்துக் காட்டிய படம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு கூடைப்பந்து மைதானம். மேலே வளையம், வளையத்துக்குக் கீழே கோட்டிலிருந்து கோடு வரை நெல். “நெல் காயற வரைக்கும் ஊர்ல எவனும் பந்தைத் தொட முடியாது. தொட்டா என் அப்பா வெரட்டுவார்” என்று சிரித்தாள்.

அவளுடைய அப்பா பயணிகள் வண்டி ஓட்டுகிறார். அம்மா ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஊருக்கு வெளியே வசதியானவர்கள் ஆடும் ஒரு டென்னிஸ் மைதானத்தில் எட்டு வயதில் பந்து பொறுக்கப் போனவள்தான் இவள். பொறுக்கிய பந்தைத் திருப்பி எறிவதற்குப் பதிலாக ஒருநாள் கிடந்த மட்டையை எடுத்து அடித்திருக்கிறாள். அங்கிருந்து தொடங்கியது. அதையெல்லாம் அவள் பெரிய கதையாகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஊருக்கு வந்து சொன்னதும் என் மனைவி அவளுக்கு ‘மணிலாப் பொண்ணு’ என்று பெயர் வைத்துவிட்டாள். “அவ ஊர் மணிலா இல்லம்மா, தள்ளி, வயக்காட்டுப் பக்கம்” என்று மகள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். “நம்மளை மெட்ராஸ்காரங்கன்னு துபாயில சொல்லலையா, அது மாதிரிதான்” என்று மனைவி முடித்துவிட்டாள்.

நான்கு வருடம் இருவரும் வெவ்வேறு ஊர்ப் போட்டிகளில் சந்தித்துக்கொண்டார்கள். மகள் அவளிடம் ஒருமுறைகூட வென்றதில்லை. கடைசியில், “எதிர்ல நின்னு தோக்கறதுக்குப் பக்கத்துல நின்னு ஆடலாம்” என்று மகளே கேட்டு, இருவருமாக பெங்களூருவுக்குப் பெயர் கொடுத்தார்கள்.

நான் அவளை நெல்லுக்குக் கூப்பிட்ட அன்று பகல் மூன்று மணி இருக்கும். களம் முழுக்க சம்பா நெல். இடம் இல்லாததால் மகள் கிடங்கின் மறுபக்கப் பாதையில் ஷூ போட்டுக்கொண்டு சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தாள். மேற்கே திருவையாறு பக்கம் கறுத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று திரும்பியது. வேலையாட்கள் இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் கத்தினேன்.

“ஏய், ஓடியா. நெல்லு.”

அவள் ஓடிவந்தாள். நாங்கள் பழக்கிய பெண் அவள். களத்தின் ஓரத்தில் நின்று, குதிகாலால் ஷூவை மிதித்துக் கழற்றினாள். காலுறையைக் கழற்ற நேரமில்லை. காலுறையோடு களத்தில் ஏறிப் படுதாவின் முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் தூறல் விழுந்து சிமெண்டு நனைந்துவிட்டது. நனைந்த சிமெண்டில் சிதறிக் கிடக்கும் நெல் எப்படி உருளும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். வெறுங்காலாக இருந்தால் விரலை ஊன்றி நின்றிருப்பாள். கால் இரண்டும் முன்னால் போக, வலது கையை ஊன்றிப் பின்பக்கமாக விழுந்தாள்.

சத்தம் எனக்குக் கேட்டது. இன்றைக்கும் காய்ந்த சுள்ளியை யாராவது முறித்தால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

இதில் என்னால் சொல்ல முடியாமல் இருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் விழுந்ததும் நான் உடனே அவளிடம் ஓடவில்லை. கையில் இருந்த படுதாவின் முனையை இழுத்து, செங்கல்லைத் தூக்கி மேலே வைத்துவிட்டுத்தான் திரும்பினேன். இரண்டு விநாடியோ மூன்று விநாடியோ. கை தானாகச் செய்தது. என் மகள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை நடந்தது. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு, கம்பி வைத்தார்கள். “எழுதலாம், வண்டி ஓட்டலாம், எல்லாம் செய்யலாம்” என்றார் மருத்துவர். “சர்வ் போடலாமா?” என்று மகள் கேட்டாள். “ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்மா” என்றார். அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

வந்தவர்கள் எல்லாரும் கையைப் பற்றிக் கேட்டார்கள். எந்தக் கை, எத்தனை கம்பி, பொம்பளப் புள்ளைக்கு ஏன் இந்த வேலை. மறுநாள் மதியம் மணிலாப் பொண்ணு காணொளியில் அழைத்தாள். அவள் ஏற்கெனவே பெங்களூருவில் இறங்கியிருந்தாள். மகள் நடந்ததைச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். மழை வந்தது, அப்பா கூப்பிட்டார், ஓடினேன், விழுந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் முதலில் கேட்டது இதுதான்.

“நெல் நனைஞ்சுதா?”

மகளுக்கு அழுகை நின்றது. என்னைப் பார்த்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

“பாதி” என்றேன். பிறகு கைபேசியை வாங்கி, “நான்தான் கூப்பிட்டேன். போட்டி இருக்குன்னு தெரிஞ்சும் கூப்பிட்டேன்” என்றேன்.

“எங்க அப்பாவும் கூப்பிட்டிருப்பார், அங்கிள்” என்றாள். “கூப்பிடலைன்னாலும் நான் ஓடியிருப்பேன்.”

அவள் வேறொரு பெண்ணோடு சேர்ந்து ஆடினாள். இறுதி ஆட்டம் வரை போனாள். அங்கிருந்துதான் அவள் ஏறத் தொடங்கினாள். தாய்லாந்தில் ஒரு சிறிய போட்டியில் கோப்பை. வியட்நாமில் அரையிறுதி. பிறகு தன்னைவிட எத்தனையோ படி மேலே இருந்த ஒரு ஐரோப்பியப் பெண்ணை மூன்று செட்டில் தோற்கடித்தாள். அவள் நாட்டில் தொலைக்காட்சியில் காட்டினார்களாம். தெருவில் அவள் படம் போட்ட பதாகை வைத்திருந்தார்கள். வண்டி ஓட்டும் அவள் அப்பா வண்டியின் முன்கண்ணாடியில் மகள் படத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும் புகைப்படத்தை அவளே அனுப்பினாள்.

நான் ஒவ்வொரு ஆட்டத்தையும் கைபேசியில் பார்த்தேன். படம் கிடையாது, எண்கள் மட்டும். யார் சர்வ் போடுகிறார்களோ அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டு வரப்பில் நின்று அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆரம்பத்தில் அவள் தோற்க வேண்டும் என்றுதான் பார்த்தேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அவள் ஏறும் ஒவ்வொரு படியும் என் மகள் ஏறாத படியாகத் தோன்றியது. அவள் வென்ற செய்தி வந்தால் மகள் கண்ணில் படாமல் கைபேசியைக் கவிழ்த்து வைப்பேன்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மகள் என் கைபேசியை நிமிர்த்தி வைத்தாள். கட்டுப் போட்ட கையால்தான்.

“ஜெயிச்சிட்டாளாப்பா?”

“ம்.”

“எவ்வளவு?”

சொன்னேன். “ரெண்டாவது செட்ல அவ முன்னால வந்து அடிச்சிருப்பா, அதான் சீக்கிரம் முடிஞ்சிருக்கு” என்று அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே புள்ளியைப் பார்த்தோம். எந்த வாரத்தில் என்று தெரியவில்லை, அவள் ஜெயிக்க வேண்டும் என்று நான் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே மகள் இடது கையால் சுவரில் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். இடப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் பேக்ஹேண்டை இரண்டு கையாலும் ஆடுகிறவள் அவள். அதில் இடது கைதான் பந்தைத் தள்ள வேண்டும், இவ்வளவு நாள் வலது கையே எல்லா வேலையையும் செய்துவிட்டது என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். முதலில் பந்து கிடங்கின் ஓட்டில் போய் விழும், கொல்லையில் விழும். இரண்டு மாதத்தில் சுவரில் ஒரே இடத்தில் வட்டமாகக் கறை விழுந்தது. அதைப் படம் பிடித்து வாராவாரம் மணிலாப் பொண்ணுக்கு அனுப்புவாள்.

எனக்குத்தான் எதுவும் சரியாகவில்லை. குறுவை அறுத்தபோது களத்தில் ஒரு மணிகூடக் காயப்போடவில்லை. வயலில் இருந்தே ஈரத்தோடு வியாபாரிக்குத் தள்ளிவிட்டேன். வலது கையால் அவள் சர்வ் போடத் தொடங்கியபோது நான் வீட்டில் இருப்பதில்லை. கும்பகோணத்தில் வேலை, தாராசுரத்தில் வேலை என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

மனைவி ஒருநாள் வாசலில் வழிமறித்தாள். “ஏங்க, அவளுக்குக் கை ஒடிஞ்சுது, சரியாகி விளையாடறா. உங்களுக்கு என்ன ஒடிஞ்சுது?”

“நான் செங்கல்ல வச்சுட்டுத்தான் திரும்பினேன், தெரியுமா?” என்றேன். அதை அன்றுதான் அவளிடம் சொன்னேன்.

“தெரியும். அவ அன்னைக்கே சொல்லிட்டா. ஆஸ்பத்திரியில சொல்லிச் சிரிச்சா. ‘அப்பா செங்கல்லு கரெக்டா வச்சாரும்மா, அந்த மூலைதான் நனையல’ன்னு.”

நான் வண்டியைத் திரும்ப உள்ளே நிறுத்தினேன்.

கார்த்திகையில் மணிலாப் பொண்ணிடமிருந்து செய்தி வந்தது. மார்கழிக் கடைசியில் சென்னையில் ஒரு போட்டிக்கு வருகிறாள். இரட்டையரில் சேர்ந்து ஆட வருகிறாயா என்று கேட்டிருந்தாள். மகள் அதை இரண்டு நாள் எங்களிடம் காட்டவில்லை. காட்டியபோது, “பாவம் பார்த்துக் கூப்பிடறாளோன்னு இருக்கு” என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. அவள் இருக்கும் உயரத்துக்கு எவ்வளவோ நல்ல ஆட்டக்காரிகள் கிடைப்பார்கள். மகளின் கை ஒரு முழு ஆட்டத்தைத் தாங்குமா என்றுகூடத் தெரியாது. தாங்காவிட்டால் அதோடு முடிந்தது, இரண்டாவது அறுவை சிகிச்சை கிடையாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“அவகிட்டயே கேளேன்” என்றாள் மனைவி. மகள் கேட்டாள். பதில் உடனே வந்தது. என்னிடம் காட்டினாள்.

“நாம ஏற்கெனவே பேர் குடுத்தாச்சு, ஒரு வருஷம் தள்ளிப்போச்சு, அவ்வளவுதான். உன் பேக்ஹேண்ட் எனக்கு வேணும். பாவம் பார்க்கறதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்லை.”

சென்னைக்கு மூவரும் போனோம். விமான நிலையத்திலிருந்து நேராக மைதானத்துக்கு வந்த அந்தப் பெண்ணுக்குத் தோள் அகன்றிருந்தது. கூடவே ஒரு பயிற்சியாளர், கால் நீவிவிட ஒருவர். ஆனால் மனைவி கொண்டுபோன புளிச்சோற்று டப்பாவை அவள் திறந்த வேகம் கொழும்பில் பார்த்த அதே வேகம்.

முதல் சுற்று ஆட்டம். முதல் செட் இவர்களுக்கு, இரண்டாவது எதிரணிக்கு. இரட்டையரில் மூன்றாவது செட் முழுதாக ஆடுவதில்லை. யார் முதலில் இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு பத்தை எட்டுகிறார்களோ அவர்கள் வென்றதாகக் கணக்கு. ஒன்பதுக்கு எட்டு என்று இவர்கள் முன்னால் இருந்தார்கள். சர்வ் என் மகளுடையது.

அதுவரை அவள் முக்கால் வேகத்தில்தான் சர்வ் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எதிரில் இருந்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டடி முன்னால் வந்து நின்றார்கள். முதல் சர்வ் வலையில் போய் அடித்தது. மணிலாப் பொண்ணு வலையருகிலிருந்து திரும்பி வந்து அவள் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். நான் தலையைக் குனிந்துகொள்ளப் பார்த்தேன். மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “பாருங்க” என்றாள்.

பார்த்தேன். பந்தைத் தூக்கிப் போட்டாள். மணிக்கட்டு பின்னால் மடங்கி முன்னால் வந்தது. முழு வேகம். தவறினால் புள்ளி போய்விடும் என்பதால் இரண்டாவது சர்வில் யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள். முன்னால் வந்து நின்றவள் தடுமாறி, பந்தை இவளுடைய இடப்பக்கம் ஆழமாகத் திருப்பினாள். இவள் இரண்டு கையாலும் அதை வாங்கி, கிடங்குச் சுவரில் கறை விழுந்த அந்த அடியையே அடித்தாள். எதிரே இருந்த இருவருக்கும் நடுவில் போனது. ஒருத்தி மட்டையை நீட்டி எப்படியோ மேலே தூக்கிவிட்டாள். வலையருகில் மணிலாப் பொண்ணு காத்திருந்தாள். பந்து விழும் இடத்தில், வழக்கம்போல, முன்னாலேயே.

ஆட்டம் முடிந்ததும் மகள் முதலில் வலது மணிக்கட்டைச் சுழற்றிப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்துத் தலையாட்டினாள். வலிக்கவில்லை என்று அர்த்தம்.

அவர்கள் பைகளைக் கட்டும்போது லேசாகத் தூறியது. சென்னையில் மார்கழித் தூறல், ஒன்றுமில்லை. ஆனால் மணிலாப் பொண்ணு மேலே பார்த்தாள், பிறகு நான் இருந்த பக்கம் பார்த்தாள், இரண்டு கையாலும் தரையில் எதையோ வாரிக் குவித்துப் படுதாவால் மூடுவதுபோல் செய்து காட்டினாள். அவளுடைய பயிற்சியாளருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. மனைவி கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஆட்டத்தின் நடுவே காதில் என்ன சொன்னாள் என்று ரயிலில் மகளிடம் கேட்டேன். “ஒடிஞ்சா ஒடியட்டும்னு போடாத. ஒடியாதுன்னு போடுன்னா” என்றாள்.

இரண்டாவது சுற்றில் தோற்றார்கள். மணிலாப் பொண்ணு ஒற்றையரில் அரையிறுதி வரை போய்விட்டு, அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினாள். என் மகளுக்கு அடுத்த மாதம் புனேயில் ஆட்டம், தனியாக.

இந்தத் தையில் களத்தில் மறுபடியும் நெல் காயப்போட்டேன். நேற்று பகல் இரண்டு மணிக்கு மேற்கே கறுத்தது. அவள் விழுந்த சத்தம் காதில் கேட்டது. அது இன்னும் போகவில்லை. வேலையாட்கள் இருவரையும் இந்த வருடம் களத்தைவிட்டு நகரவே விடவில்லை. மூன்று பேருமாகப் படுதாவைப் பிடித்தோம். நான் யாரையும் கூப்பிடவில்லை.

பந்து சுவரில் அடிக்கும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் களத்தின் ஓரத்தில் மகள் நிற்கிறாள். நாலாவது முனை காற்றில் அடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். “நீ போம்மா” என்றேன். அவள் கீழே உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள். ஒன்று, இன்னொன்று. பிறகு காலுறையைக் கழற்றினாள். இரண்டையும் உருட்டி ஷூவுக்குள் திணித்தாள். அதற்குள் நெல்லின் மேல் பத்துத் துளி விழுந்திருக்கும்.

விழட்டும் என்று நான் முனையைப் பிடித்தபடி நின்றேன்.